அணுவும் விண்மீனும்

உலகில் மிகச் சிறியது யாது, மிகப் பெரியது யாது என்னும் வினாக்கள் மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாள்தொட்டு எழுந்து வருவனவாகும். கடற்கரையில் ஒரு மணலை எடுத்து உள்ளங்கையில் வைத்து நோக்குபவன், இதனைப் பிளந்துகொண்டே சென்றால் எங்கே முடியும் என்று எண்ணுகிறான். அவனே இரவில் தலைநிமிர்ந்து வானத்தை நோக்குங்கால், இந்த விண்மீன்களுக்கு அப்பால் என்ன உண்டு என்று வியக்கிறான். முதல் வினாவிற்கு விடை தேடியவர்கள் அணுவையும், அணுவினுள் அடங்கிய புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்னும் நுண்துகள்களையும் கண்டறிந்தார்கள். இரண்டாம் வினாவிற்கு விடை தேடியவர்கள் விண்மீன்களின் எடையையும் தொலைவையும் ஒளியையும் அளந்தார்கள். நெடுங்காலம் இவ்விரு சாராரும் வெவ்வேறு வழியில் நடந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அவ்விரு வழிகளும் ஓரிடத்தில் கூடின. விண்மீன் ஏன் இத்துணைப் பெரியதாய் இருக்கிறது என்னும் வினாவிற்குரிய விடை அணுவினுள்ளே இருக்கக் கண்டு அறிஞர் வியந்தனர்.

தோற்ற ஒப்புமை

1911 ஆம் ஆண்டில் ரதர்போர்டு என்னும் அறிஞர், அணுவின் நடுவே மிகச் சிறிய கரு ஒன்று உண்டென்றும், அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அக்கருவிலேயே அடங்கியுள்ளதென்றும் கண்டார். 1913 இல் நீல்ஸ் போர் என்பார், அக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட பாதைகளில் இயங்குவதாகக் கொண்டு ஒரு கொள்கையை வகுத்தார். உடனே பலர் உள்ளத்தில் ஓர் எண்ணம் தோன்றியது. கதிரவனைச் சுற்றிக் கோள்கள் இயங்குவதைப் போலவே கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இயங்குகின்றன. ஆகவே அணு என்பது ஒரு சிறிய சூரிய மண்டலம் என்று அவர்கள் கருதினர்.

இவ்வுவமை கேட்பதற்கு இனியது. ஆயினும் ஆராய்ந்து பார்க்குங்கால் அது நிலைபெறவில்லை. கதிரவனுடைய ஆரத்தைப் போல ஏறத்தாழ 6,400 மடங்கு தொலைவில் நெப்டியூன் என்னும் கடைசிக் கோள் சுற்றுகிறது. ஹைட்ரஜன் அணுவிலோ, கருவின் ஆரத்தைப் போல ஏறத்தாழ 60,000 மடங்கு தொலைவில் எலக்ட்ரான் உள்ளது. கோள்கள் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை; எலக்ட்ரான்களோ எங்கு நோக்கினும் ஒரே தன்மையன. மேலும், எலக்ட்ரான் கோளைப் போல ஒரு கோட்டின் வழியே சுற்றுவதன்று என்பதும் 1920-களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. எனவே, அணுவிற்கும் வானத்திற்கும் உள்ள உறவை உருவத்தில் தேடுதல் பயன் தராது. அவ்வுறவு இரு விசைகளின் போட்டியில் அமைந்துள்ளது.

இரு விசைகள்

பொருள்களை இணைப்பனவும் பிரிப்பனவுமாகிய விசைகளுள் நாள்தோறும் நாம் உணர்வன இரண்டு. ஒன்று ஈர்ப்பு விசை. மரத்திலிருந்து காயை நிலத்தில் விழச் செய்வது அது. மற்றொன்று மின் விசை; காயைக் காயாகவும் கல்லைக் கல்லாகவும் அணுக்களைப் பிணைத்து வைப்பது அது. இவ்விரண்டனுள் எது வலியது? மாடியிலிருந்து விழுந்து அடிபட்டவன் ஈர்ப்பே வலியது என்பான். உண்மை அதற்கு நேர்மாறானது.

அருகருகே இருக்கும் இரண்டு புரோட்டான்களை எண்ணிப் பார்க்கலாம். அவை எடையுடையன, ஆதலால் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அவை ஒரே வகை மின்னேற்றமும் உடையன. ஆதலால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இவ்விரு விசைகளையும் ஒப்பிட்டால், மின் விசை ஈர்ப்பு விசையைப் போல ஒன்றின்பின் 36 சுழிகள் இட்ட எண் மடங்கு வலியதாய் இருக்கிறது. ஒரு கோடிக்கு ஏழு சுழிகளே என்பதை நினைத்தால், 36 சுழிகளின் பெருமை விளங்கும். அணுவின் உலகில் ஈர்ப்பு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

அங்ஙனமாயின், நிலவுலகையும் கதிரவனையும் ஆள்வது ஈர்ப்பாக இருப்பது எவ்வாறு? மின்னேற்றம் நேர், எதிர் என இரு வகைப்படும். ஒரு கல்லில் இவை சம அளவில் இருத்தலால், ஒன்றன் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. ஓர் அணுவின் மின் பிடிப்பு அதன் அண்டை அணுக்களோடு நின்றுவிடும். ஈர்ப்பிற்கு அத்தகைய எதிர்ப்பகை இல்லை. ஒவ்வோர் அணுவும் மற்றெல்லா அணுக்களையும் ஈர்க்கிறது. அவ்வீர்ப்பு முழுவதும் கூடிக்கொண்டே போகிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பது ஈர்ப்புக்கு மிகப் பொருந்தும். எத்துணைத் துளி சேர்ந்தால் வெள்ளமாகும் என்பதே கேள்வி.

பத்தொன்பது படிகள்

அதனைக் கணக்கிட ஓர் ஏணியைக் கற்பனை செய்யலாம். அதன் அடியில் ஓர் அணு இருக்கிறது. அதன் அகலம் ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஏணியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் அணுக்களின் தொகையை ஆயிரம் மடங்கு ஆக்கிக்கொள்ள வேண்டும். அணுக்களை நெருக்கமாக அடுக்கினால், நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்துப் பத்து மடங்கு ஆகும். ஈர்ப்பு என்ன ஆகும்? ஈர்க்கும் அணுக்கள் ஆயிரம் மடங்கு. ஆனால் அவற்றின் இடைத்தொலைவு பத்து மடங்கு. ஈர்ப்பினால் ஏற்படும் பிணைப்பின் ஆற்றல் தொலைவு கூடக் குறைவது. ஆகையால் ஒவ்வோர் அணுவின் மீதும் அமையும் ஈர்ப்பின் பிடி ஆயிரத்தைப் பத்தால் வகுத்து வரும் நூறு மடங்காக உயரும். அணுக்களுக்கு இடையேயுள்ள மின் பிணைப்போ படிதோறும் அப்படியே இருக்கும்.

படிக்கு நூறு மடங்கு, அதாவது இரண்டு சுழிகள். ஈர்ப்பு ஈடு செய்ய வேண்டிய குறையோ 36 சுழிகள். எனவே பதினெட்டுப் படிகள் ஏறினால் ஈர்ப்பு மின் விசைக்கு ஒப்பாகிவிடும். இனி, அந்தப் படிகளில் உள்ள பொருள்கள் யாவை எனக் காணலாம்.

எட்டாம் படியில் நிற்பது ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பொருள். ஒரு சுண்டைக்காயின் அளவினது. அதில் ஒன்றின்பின் 24 சுழிகள் இட்ட தொகையான அணுக்கள் உள்ளன. ஆயினும் ஈர்ப்பிற்கு இன்னும் 20 சுழிகள் குறை. பத்தாம் படி ஒரு மீட்டர். அது மனிதனின் படி. பதின்மூன்றாம் படி ஒரு கிலோமீட்டர். அது குன்றின் படி. அங்கும் ஈர்ப்பு ஆயிரம் கோடியில் ஒரு பங்காகவே உள்ளது. ஆகவேதான் குன்றுகள் எவ்வடிவிலும் நிற்கின்றன. சாய்ந்தும் குடைந்தும் நிற்கும் பாறையை ஈர்ப்பு உருக்குலைத்துவிடுவதில்லை.

பதினாறாம் படி ஆயிரம் கிலோமீட்டர். 1801 ஆம் ஆண்டில் பியாசி என்பவர் கண்டுபிடித்த சீரிஸ் என்னும் குறுங்கோள் ஏறத்தாழ 940 கிலோமீட்டர் குறுக்களவு உடையது. அஃது உருண்டை வடிவினது. செவ்வாயைச் சுற்றும் போபாஸ் என்னும் சிறு துணைக்கோளோ சுமார் 22 கிலோமீட்டரே உடையது; அது கோணலான உருளைக்கிழங்கைப் போன்றிருக்கிறது. பாறையை இழையச் செய்வதற்கு அணுக்களையே நசுக்கும் ஆற்றல் வேண்டுவதில்லை. அதில் மிகச் சிறிய பங்கே போதும். அப்பங்கு பதினாறாம் படியை அணுகும்போது ஈர்ப்பிற்குக் கிட்டிவிடுகிறது. அப்போது ஈர்ப்பு கரடுமுரடான பொருளைப் பிசைந்து உருண்டையாக்கத் தொடங்குகிறது.

பதினேழாம் படி பத்தாயிரம் கிலோமீட்டர். நிலவுலகின் குறுக்களவு ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர். இங்கு ஈர்ப்பின் கை ஓங்கியிருப்பதை மலைகளே காட்டுகின்றன. எவரெஸ்டு சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். நிலவுலகினும் சிறியதாகி ஈர்ப்புக் குறைந்த செவ்வாயில் ஒலிம்பசு என்னும் எரிமலை 20 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது.

பதினெட்டாம் படி ஒரு இலட்சம் கிலோமீட்டர். அங்கே நிற்பது வியாழன். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர். அதனுள் அடங்கிய புரோட்டான், நியூட்ரான்களின் தொகை ஒன்றின்பின் 54 சுழிகளை ஒட்டியது. ஏணிக் கணக்கு கூறிய எண்ணும் அதுவே. இங்குதான் ஈர்ப்பு மின் விசைக்கு ஈடாகிறது. அணுக்கள் நசுங்கத் தொடங்குகின்றன. இதற்குமேல் எத்துணைப் பொருளைச் சேர்த்தாலும் கோள் பெரிதாவதில்லை. வியாழனைப் போலப் பல மடங்கு எடையுள்ள பொருளும் அளவில் வியாழனை ஒத்தே இருக்கும்.

அடுத்தது பத்தொன்பதாம் படி. அது பத்து இலட்சம் கிலோமீட்டர். அங்கே கதிரவன் ஒளிர்கிறான். கதிரவனின் குறுக்களவு ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர். அவனுள் உள்ள அணுத்துகள்களின் தொகை ஒன்றின்பின் 57 சுழிகளைச் சற்றே மிஞ்சியது. ஈர்ப்பு வென்றுவிட்ட இப்படியில் பொருள் நசுங்கிச் சூடேறுகிறது. அச்சூட்டில் ஹைட்ரஜன் கருக்கள் இணைந்து ஹீலியமாகி ஒளியையும் வெப்பத்தையும் வழங்குகின்றன. அவ்வெப்பமே கதிரவனை மேலும் சுருங்கவொட்டாமல் தாங்குகிறது. வானத்தில் காணும் விண்மீன்கள் யாவும் பதினெட்டாம் படிக்கும் இருபதாம் படிக்கும் இடையிலேயே உள்ளன. மனிதனோ அணுவிலிருந்து பத்துப் படி மேலும், கதிரவனிலிருந்து ஒன்பது படி கீழும் நின்று, இரண்டையும் நோக்குகிறான்.

இதனால் விளங்குவது யாது? விண்மீன்கள் பெரியனவாய் இருத்தற்குக் காரணம் ஈர்ப்பு மிக நலிந்ததாய் இருத்தலே. ஈர்ப்பு இப்போது உள்ளதைவிடப் பத்து இலட்சம் மடங்கு வலியதாய் இருந்திருப்பின், மூன்று படிகள் குறைந்திருக்கும். விண்மீன்கள் எடையில் நூறு கோடியில் ஒரு பங்காய்ச் சிறுத்திருக்கும். ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் என மதிக்கப்படும் கதிரவனின் வாழ்நாள் 10,000 ஆண்டுகளாய்ச் சுருங்கியிருக்கும். உயிர்கள் தோன்றி வளர்வதற்கு அக்காலம் எங்ஙனம் போதும்? நலிந்த ஈர்ப்பே நீண்ட வாழ்வை அளித்தது.

அணைந்த விண்மீன்

எரிபொருள் தீர்ந்தபின் விண்மீன் என்ன ஆகும்? வானத்தில் மிக்க ஒளியுடன் தோன்றும் சிரியசு என்னும் விண்மீனுக்குக் கண்ணுக்குப் புலனாகாத துணை ஒன்று உண்டென்று பெசல் என்பார் 1844 இல் கூறினார். 1862 இல் அத்துணை தொலைநோக்கியில் காணப்பட்டது. அதன் எடை கதிரவனின் எடைக்கு ஏறத்தாழச் சமம். அளவோ நிலவுலகை ஒத்தது. அதன் பொருளில் ஒரு தீப்பெட்டி அளவு எடுத்தால் அது பல டன் எடை இருக்கும். இத்தகைய விண்மீன்களுக்கு வெண்குள்ளன் என்பது பெயர். உள்வெப்பம் ஊட்டும் எரிபொருள் இல்லாத அந்த விண்மீனை மேலும் நசுங்காமல் தாங்கி நிற்பது எது?

1925 இல் பௌலி என்பவர், இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருத்தல் இயலாது என்னும் விதியைக் கண்டார். எலக்ட்ரான்களை நெருக்க நெருக்க அவை கீழ்நிலைகள் நிரம்பியதால் மேல்நிலைகளுக்குத் தள்ளப்பட்டு விரைந்து இயங்கும். அவ்விரைவால் எழும் அழுத்தம் நெருக்கத்தை எதிர்க்கும். வெண்குள்ளனைத் தாங்குவது இவ்வழுத்தமே என்று 1926 இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரால்ப் பௌலர் விளக்கினார். எவ்விண்மீனும் இறுதியில் வெண்குள்ளனாகி அமைதியுறும் என்று அறிஞர்கள் நம்பினார்கள்.

கப்பலில் பிறந்த கணக்கு

இந்நம்பிக்கையை உடைத்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற மாணவர் ஒருவர். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் இலாகூரில் பிறந்த அவர், 1918 இல் பெற்றோருடன் சென்னைக்கு வந்தார். சர் சி. வி. இராமனின் தமையனார் மகன் அவர். அவருடைய அன்னையார் சீதாலட்சுமி, இப்சன் என்னும் நார்வே ஆசிரியரின் நாடகமொன்றைத் தமிழில் பெயர்த்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின் சந்திரசேகர் கல்லூரியை அடைந்தார். 1928 இல் செருமானிய அறிஞர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது, அவரை நேரிற் கண்டு, எலக்ட்ரான்களைப் பற்றிய புதிய கொள்கைகளை அறிந்துகொண்டார். எடிங்டன் என்னும் ஆங்கிலேய வான நூலறிஞர் விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி எழுதிய நூல், கல்லூரி நாளில் அவருக்குப் பரிசாகக் கிடைத்திருந்தது.

அரசினர் உதவி பெற்றுக் கேம்பிரிட்ஜில் பயிலும் பொருட்டு, 1930 ஆம் ஆண்டு ஜூலை 31 ஆம் நாள் அவர் பம்பாயில் கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. கப்பலில் கிடைத்த ஓய்வில் அவர் பௌலருடைய கணக்கை மீண்டும் ஆராய்ந்தார். அக்கணக்கில் எலக்ட்ரான்களின் வேகம் பற்றிய ஒரு செய்தி விடுபட்டிருப்பது அவர் கண்ணிற்பட்டது.

அதனை ஏணியைக் கொண்டே விளக்கலாம். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். வியாழனின் படியிலும் எலக்ட்ரான்களின் வேகம் அவ்வளவினதே. அடுத்த படியில் ஈர்ப்பின் நெருக்கத்தால் அது நூறு மடங்காக உயர வேண்டும். அதாவது நொடிக்கு 2,20,000 கிலோமீட்டர்! ஒளியின் வேகமே நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர்தான். அதனை எப்பொருளும் மிஞ்ச இயலாது என்பது 1905 இல் ஐன்ஸ்டைன் நிறுவிய கொள்கை. எனவே பத்தொன்பதாம் படியை ஒட்டி எலக்ட்ரான்கள் தம் வேகத்தின் எல்லையை அணுகிவிடுகின்றன.

இதனால் விளைவது என்ன? வேகம் குறைவாய் உள்ளபோது, விண்மீன் பாதியளவாகச் சுருங்கினால் ஈர்ப்பின் ஆற்றல் இரு மடங்காகும். எலக்ட்ரான்களின் எதிர்ப்பாற்றலோ நான்கு மடங்காகும். ஆகவே எங்கேனும் ஓரிடத்தில் எதிர்ப்பு வென்று சுருக்கம் நின்றுவிடும். எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கியபின் நிலைமை மாறிவிடுகிறது. பாதியளவாகச் சுருங்கும்போது ஈர்ப்பும் இரு மடங்கு; எதிர்ப்பும் இரு மடங்கே. முதலில் ஈர்ப்பு மிகுந்திருந்தால் முடிவு வரை அதுவே மிகுந்திருக்கும். எவ்வளவு சுருங்கினும் விண்மீனைத் தடுத்து நிறுத்துவார் இல்லை.

அதனால் வெண்குள்ளனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று சந்திரசேகர் கண்டார். இன்று கொள்ளப்படும் அவ்வரம்பு கதிரவனின் எடையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அவ்வரம்பை ஆக்கும் பொருள்கள் யாவை? புரோட்டானின் எடை, ஒளியின் வேகம், ஈர்ப்பின் வலிமை, நுண்துகள்களின் இயக்கத்தை ஆளும் பிளாங்கின் எண் ஆகிய நான்கே. ஏறத்தாழக் கதிரவனின் எடையுள்ள ஒரு பேரளவை, கண்ணுக்கே தோன்றாத துகளின் இயல்பிலிருந்து கணக்கிட்டு உரைக்க முடிந்தது. அணுவிற்கும் விண்மீனுக்கும் உள்ள மெய்யான உறவு இதுவே.

மறுப்பும் பொறுமையும்

1935 ஆம் ஆண்டு சனவரி 11 ஆம் நாள், இலண்டனில் அரச வானியற் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை விளக்கினார். அவரை அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். 1919 இல் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தந்தவர் அவர். அக்காலத்து வான நூலார் அனைவரும் மதித்த பெரியார். விண்மீன் எல்லையின்றிச் சுருங்கிக்கொண்டே போவது பொருளற்ற செயல் என்றும், அதனைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரவேண்டும் என்றும் அவர் கூறினார். அவர் பேச்சைக் கேட்டு அவையோர் நகைத்தனர். இருபத்து நான்கு வயது இளைஞர் அந்நகைப்பினிடையே அமர்ந்திருந்தார்.

சந்திரசேகர் சினந்து எழவில்லை. தம் கணக்கைக் கைவிடவும் இல்லை. போர், பௌலி முதலிய பௌதிக அறிஞர்களின் கருத்தை அறிய முயன்றார். கணக்குச் சரியானதே என்று அவர்கள் தனிமையில் ஒப்புக்கொண்டனர். ஆனால் எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாகக் கூற முன்வரவில்லை. 1937 இல் சந்திரசேகர் அமெரிக்காவிற்குச் சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய தம் ஆராய்ச்சிகளை 1939 இல் நூலாக வெளியிட்டார். பிறகு வேறு துறைகளுக்குத் திரும்பினார். தம்மை மறுத்த எடிங்டனிடம் அவர் கொண்ட மதிப்பு குறையவில்லை. எடிங்டனின் நூற்றாண்டு விழாவையொட்டி 1982 இல் கேம்பிரிட்ஜில் நிகழ்ந்த சொற்பொழிவுகளில், தம் காலத்து விண்பௌதிக அறிஞருள் தலைசிறந்தவர் எடிங்டன் என்றே அவர் போற்றினார்.

எண் மயக்கம்

எடிங்டனும் அணுவையும் அண்டத்தையும் இணைக்க முயன்றவரே. ஆனால் அவர் சென்ற வழி வேறு. மின் விசையின் வலிமையைக் குறிக்கும் ஓர் எண் அணு நூலில் உண்டு. அவ்வெண் 136 ஆகவே இருக்க வேண்டும் என்று அவர் சிந்தனையாலேயே நிறுவ முயன்றார். அளவைகள் அது 137-ஐ ஒட்டியது எனக் காட்டியபோது, தம் வாதத்தில் ஒன்றைக் கூட்டி 137 எனத் திருத்தினார். இன்றைய நுண்ணளவைகளின்படி அவ்வெண் ஏறத்தாழ 137.036, முழு எண்ணே அன்று.

டிராக் என்னும் பேரறிஞரும் 1937 இல் ஓர் எண் ஒற்றுமையைக் கண்டு வியந்தார். எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே மின் விசை ஈர்ப்பைப் போல ஒன்றின்பின் 39 சுழிகள் இட்ட எண் மடங்கு வலியது. எலக்ட்ரான் எடை குறைந்ததாகையால் இங்குச் சுழிகள் மிகுந்தன. அணுவினுள் அமையும் மிகச் சிறிய காலத்தை அளவுகோலாகக் கொண்டு பேரண்டத்தின் வயதை அளந்தாலும் அதனை ஒட்டிய எண்ணே வந்தது. இவ்விரண்டும் என்றும் ஒத்திருக்குமாயின், பேரண்டத்தின் வயது ஏற ஏற ஈர்ப்பு நலிந்துகொண்டே வர வேண்டும் என்று டிராக் கருதினார்.

இக்கருத்து அழகியது; ஆனால் சோதனைக்கு உட்படுவது. 1948 இல் டெல்லர் என்பவர், முற்காலத்தில் ஈர்ப்பு அவ்வாறு மிகுந்திருந்தால் கதிரவன் மிக்க ஒளியுடன் எரிந்து நிலவுலகின் கடல்களைக் கொதிக்கச் செய்திருப்பான் என்று காட்டினார். உயிர்கள் கடலில் வாழ்ந்ததற்குப் பாறைகள் சான்று கூறும் காலம் அது! 1969 இல் நிலவிற்குச் சென்றவர்கள் அங்கே வைத்த எதிரொளிப்பான்களின் துணையால் நிலவின் தொலைவு மிக நுட்பமாக அளக்கப்பட்டு வருகிறது. டிராக் கூறிய அளவில் ஈர்ப்பு குறையவில்லை என்பது அதனால் உறுதியாயிற்று.

அவ்வாறாயின் எண்கள் ஒத்திருந்தது ஏன்? 1961 இல் டிக்கி என்பவர் அதற்குக் காரணம் காட்டினார். விண்மீனின் வாழ்நாளும் ஈர்ப்பின் நலிவைக் குறிக்கும் அதே எண்ணால் அமைவதாகும். உயிர்களுக்கு வேண்டிய கரி முதலிய தனிமங்கள் விண்மீன்களின் உள்ளே உருவாகின்றன. எனவே ஒரு தலைமுறை விண்மீன்கள் வாழ்ந்து முடிந்த பின்னரே, வானத்தை நோக்கி வயதைக் கணக்கிடும் மனிதன் தோன்ற முடியும். அவன் எப்போது அளந்தாலும் பேரண்டத்தின் வயது விண்மீனின் வாழ்நாளை ஒட்டியே இருக்கும்.

இரு எண்கள் ஒத்திருப்பது ஆராய்ச்சியைத் தூண்டும். ஆனால் அதுவே சான்றாகாது. ஒத்திருப்பதற்குக் காரணம் காட்டி, அக்காரணத்திலிருந்து புதியதொன்றை முன்னுரைத்து, அதனை இயற்கை ஒப்புக்கொண்ட பின்னரே அது அறிவியலாகும்.

இயற்கையின் தீர்ப்பு

சந்திரசேகரின் முடிவை இயற்கை ஒப்புக்கொண்டது. வரம்பை மீறிய எடையுள்ள அணைந்த விண்மீன் மேலும் நசுங்கினால் அணுக்கருக்களே ஒன்றையொன்று தொடும். கருத்துகளின் அகலம் அணுவின் அகலத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு. அத்துகளை அடியில் வைத்து அதே பத்தொன்பது படிகள் ஏறினால் பத்துக் கிலோமீட்டர் வருகிறது. 1967 இல் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி, வானத்திலிருந்து சீரான இடைவெளியில் வரும் வானொலித் துடிப்புகளைக் கண்டுபிடித்தார். அவற்றை அனுப்புவன விரைந்து சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் என்பது தெளிவாயிற்று. அவற்றின் குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் என இன்று மதிக்கப்படுகிறது. அவற்றினும் எடை மிக்கவை எத்தடையுமின்றிச் சுருங்கி, ஒளியும் வெளியேற முடியாத கருந்துளைகள் ஆகின்றன. எடிங்டன் இருக்க முடியாது என்றதை இயற்கை செய்துகொண்டே இருந்திருக்கிறது.

1983 ஆம் ஆண்டில் சந்திரசேகருக்கு, வில்லியம் பௌலர் என்னும் அமெரிக்க அறிஞருடன் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கப்பலில் எழுதிய கணக்கிற்கும் அப்பரிசிற்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. 1995 ஆம் ஆண்டு ஆகஸ்டு 21 ஆம் நாள் அவர் சிகாகோவில் மறைந்தார். 1999 ஜூலையில் விண்ணில் ஏற்றப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் நினைவாகப் பெயரிடப்பட்டது. விண்மீன்கள் சிதைந்தபின் எஞ்சும் நியூட்ரான் விண்மீன்களையும், கருந்துளைகளைச் சூழ்ந்து ஒளிரும் பொருள்களையும் ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்றாகும்.

கையிலுள்ள மணலும் வானிலுள்ள விண்மீனும் ஒரே விதிகளுக்கு உட்பட்டவை. அவற்றிடையே உள்ளவை பத்தொன்பது படிகளுக்குள் அடங்குவனவே. அப்படிகளை ஏறிக் கணக்கிட்டு உண்மை கண்டவர், பெரியோர் மறுத்தபோதும் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. தம்மை மறுத்த பெரியோரை இகழவும் இல்லை. அறிவைத் தேடும் மாணவர் இவ்விரண்டையும் அவரிடம் கற்றல் வேண்டும்.